ஒரே கடனுக்கு இரண்டு முறை பணம்: அரசாங்க அலுவலகக் கணக்கில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சப்ளையருக்குப் பணம் போகத் தாமதமானால் அவர் நாளுக்கு மூன்று முறை அழைப்பார். இரண்டு முறை போய்விட்டால் பெரும்பாலும் யாரும் அழைக்க மாட்டார்கள். இரட்டைப் பணம் சத்தமில்லாத பிழை. வவுச்சரில் கையொப்பங்கள் எல்லாம் இருக்கும், ஒதுக்கீட்டில் பணம் இருந்திருக்கும், வங்கியும் மறுக்காமல் அனுப்பியிருக்கும். ஆகவே அது தானாக வெளியே வரும் என்று காத்திருக்க முடியாது. அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு நாம்தான் தேடிப் போக வேண்டும். மலேசியாவின் பினாங்கில், மத்திய அரசாங்கத்தின் கிளை அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பில்களைச் சரிபார்த்தவன் என்ற முறையில், நான் கண்ட அறிகுறிகளையும் அவை ஒவ்வொன்றையும் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். கோலாலம்பூரிலோ புத்ராஜெயாவிலோ இருப்பவர்களுக்கும் நடைமுறை பெரிதாக மாறாது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலர் இரட்டைப் பணத்தைத் தேடும்போது பில்லைத்தான் தேடுகிறோம். பில் வெறும் காகிதம். ஒரே சரக்குக்கு எத்தனை காகிதம் வேண்டுமானாலும் வரலாம், எண்ணும் தேதியும் தொகையும்கூட மாறி வரலாம். கடன் பிறப்பது சரக்கு வந்து இறங்கிய நாளில், அல்லது வேலை முடிந்து நம் அதிகாரி அதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாளில். அது ஒரு முறைதான் நடக்கும். ஆகவே கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பணம் எந்த டெலிவரி ஆர்டருக்காகப் போனது?" என்பதே. டெலிவரி ஆர்டர் என்பது சரக்கோடு வரும், நாம் பெற்றுக் கையெழுத்திடும் சீட்டு. இரண்டு வவுச்சர்கள் ஒரே டெலிவரி ஆர்டரிலோ ஒரே பெறுகைக் குறிப்பிலோ போய் நின்றால் சந்தேகத்திற்கு இடமில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இரட்டிப்பு என்று தோன்றியவுடனே கணினியில் இரண்டாவது வவுச்சரை ரத்து செய்துவிடாதீர்கள். பணம் வங்கியைத் தாண்டிப் போன பிறகு ஏட்டில் ரத்து செய்தால் தடயம் அழியுமே தவிரப் பணம் திரும்பாது.

அறிகுறி: ஒரே சப்ளையர், ஒரே தொகை, பில் எண் மட்டும் சற்றே மாறியிருக்கிறது

இதுதான் மிகச் சாதாரணமானது. சப்ளையர் பில்லை முதலில் மின்னஞ்சலில் அனுப்புகிறார். அவசரம் என்று கிராணி (எழுத்தர்) அதை அச்செடுத்துப் பதிகிறார். அடுத்த வாரம் அசல் பில் தபாலில் வருகிறது; வேறொரு கிராணி அதையும் பதிகிறார். முதலாமவர் "ஐஎன்வி/0457/23" என்று காகிதத்தில் உள்ளபடியே தட்டியிருப்பார். இரண்டாமவர் சாய்கோடுகளை விட்டுவிட்டு "0457-23" என்றோ வெறும் "457" என்றோ தட்டியிருப்பார். பூஜ்யத்தின் இடத்தில் ஆங்கில எழுத்து ஓ விழுந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். திரையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

மென்பொருள் ஏன் தடுக்கவில்லை என்று தணிக்கையாளர் கேட்பார். எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருளில், சப்ளையரின் மூலப் பதிவில் இரட்டைப் பில்லைச் சோதிக்கும் குறி இடப்பட்டிருந்தாலும், நிறுவனக் குறியீடு, சப்ளையர் எண், நாணயம், பில் தேதி, பில் எண் ஆகிய ஐந்தும் அச்சுப் பிசகாமல் பொருந்தினால்தான் நிதிப் பதிவின்போது அது குறுக்கிடும். பில் எண் காலியாக விடப்பட்டிருந்தால் மட்டுமே அதற்குப் பதிலாகத் தொகையை ஒப்பிடும். ஒரு சாய்கோடு மாறினால் போதும், அது வேறு பில் ஆகிவிடும். குறுக்கிடும்போதும் அது வெறும் எச்சரிக்கையாக அமைக்கப்பட்டிருந்தால், நாளுக்கு நூறு எச்சரிக்கை பார்க்கும் கிராணி எண்டர் விசையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முழுமையான ஆவணங்களுடன் வந்த பில்லுக்கு 14 நாள்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று கருவூல உத்தரவு 103 சொல்கிறது. மாத இறுதியில் அந்த 14 நாள் கணக்குதான் எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

தேடும் முறை இது. குறைந்தது இரண்டு நிதியாண்டுகளின் பணப்பட்டியலை எக்செல்லுக்கு இறக்குங்கள். பில் எண்ணுக்குப் பக்கத்தில் புதிய பத்தி ஒன்று திறந்து, சாய்கோடு, இடைவெளி, புள்ளி, கோடு எல்லாவற்றையும் நீக்கி, முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும் எழுத்துகளையும் களைந்து, எஞ்சும் இலக்கங்களை மட்டும் வையுங்கள். சப்ளையர் எண்ணை விட்டுவிட்டு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண்ணை அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் பின்னால் வரும். கணக்கு எண், களைந்த பில் எண், தொகை ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு பொருந்தும் வரிகளைத் தனியே எடுங்கள். மூன்றும் பொருந்துவதை மட்டும் தேடினால் மென்பொருள் செய்த அதே தவற்றை நாமும் செய்தவர்கள் ஆவோம்.

எக்செல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது; நானே விழுந்திருக்கிறேன். அது எண்களில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கியின் எண்ணை எண்ணாகவே இறக்கினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். சரி, எழுத்தாக இறக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தாலும், எண்ணிக்கை பார்க்கும் கவுண்டிஃப் சூத்திரம் அந்த எழுத்தை மீண்டும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். முதல் 15 இலக்கங்கள் ஒன்றாக உள்ள இரண்டு வெவ்வேறு கணக்குகளை ஒன்று என்று காட்டும். ஒரு பிற்பகல் முழுவதும் சம்பந்தமே இல்லாத இரண்டு கடைகளை ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு கோப்புகளைப் புரட்டிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கணக்கு எண்ணின் முன்னாலும் ஏதேனும் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

அறிகுறி: தொகை பொருந்தவில்லை, ஆனால் வேலை ஒன்றுதான் போலத் தெரிகிறது

இது முந்தையதைவிடக் கடினம், ஏனெனில் தொகையை வைத்துத் தேடும் எந்தச் சோதனையிலும் இது சிக்காது. சேவை வரி 1.3.2024 அன்று 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. அந்த மாதங்களில் நடந்திருக்கக்கூடிய ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணினி பராமரிப்புச் சேவைக்கு 5,000 ரிங்கிட். பிப்ரவரியில் வந்த பில் வரியுடன் 5,300 ரிங்கிட். அது எங்கோ மேசையில் தங்கிவிட்டது என்று நினைத்த சப்ளையரின் கணக்கர், மார்ச் மாதம் புதிய எண்ணில் புதிய பில் ஒன்றை அனுப்புகிறார். அவருடைய மென்பொருள் புதிய வரியைப் போட்டு 5,400 ரிங்கிட் என்று அச்சடிக்கிறது. தங்கியிருந்ததாக நினைத்த பில்லுக்கோ ஏற்கெனவே பணம் போயிருக்கிறது. எண் வேறு, தேதி வேறு, தொகையும் வேறு. பிப்ரவரி மாதப் பணிமுடிவு அறிக்கையில் உள்ள ஒரே கையொப்பம்தான் இரண்டுக்கும் பொது.

வரி மட்டுமே காரணமாகாது. லாரிக் கூலியைச் சேர்த்தும் சேர்க்காமலும் வரும் பில், உடைந்து வந்த பொருளைக் கழித்துத் திருத்திய பில், சென் காசுகளை முழு ரிங்கிட்டாக்கிய பில் எல்லாம் இந்த வகைதான். ஆகவே வரிக்கு முந்தைய தொகையை ஒப்பிடுங்கள். அதிலும் 5 விழுக்காடு மேலும் கீழும் விட்டுக்கொடுத்துத் தேடுங்கள். திருத்திய பில் என்றால் பழைய பில்லை ரத்து செய்த ஆவணம் எங்கே என்று கேட்க வேண்டும். மின்-விலைப்பட்டியல் முறை 1.8.2024 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களிடம் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கி வந்ததால் இந்தக் கேள்வி இப்போது எளிதாகிவிட்டது. வருமான வரி வாரியம் சரிபார்த்த ஒவ்வொரு மின்-விலைப்பட்டியலுக்கும் தனி அடையாள எண் உண்டு; வெளியிட்டவர் அதை 72 மணி நேரத்திற்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும்; அதன் பிறகு தொகையைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டுமானால் கிரெடிட் நோட்டு தர வேண்டும். ஆகவே திருத்திய பில் ஒன்று பத்து நாள் கழித்து வந்து, கிரெடிட் நோட்டு எதுவும் உடன் வரவில்லை என்றால், சப்ளையரின் ஏட்டில் இரண்டு பில்களும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ஆனால் அடையாள எண் வந்துவிட்டதே, இனி இரட்டிப்பு நடக்காது என்று நம்பிவிடக் கூடாது. ஒரே சரக்குக்கு இரண்டு மின்-விலைப்பட்டியல் போட்டால் இரண்டுக்கும் தனித்தனி எண் கிடைக்கும். சரக்கு எத்தனை முறை இறங்கியது என்பது வாரியத்தின் கணினிக்குத் தெரியாது.

அறிகுறி: ஒரே நிறுவனம் இரண்டு சப்ளையர் எண்களில் நிற்கிறது

நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம், 11.10.2019 முதல் பதிவு எண்ணை 12 இலக்கங்களாக மாற்றியது. முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு எவ்வகை அமைப்பு என்பது, எஞ்சிய ஆறும் வரிசை எண். பழைய எண்ணில் பதிந்திருந்த கடை, புதிய எண்ணுடன் கடிதத்தாள் அச்சடித்துக்கொண்டு வந்தபோது, தேடிப் பார்த்துக் கிடைக்காத கிராணி புதிய சப்ளையர் பதிவு ஒன்றைத் திறந்துவிடுகிறார். அன்று முதல் அந்தக் கடைக்கு நம் கணினியில் இரட்டைப் பிறவி. மேலே சொன்ன ஐந்து பொருத்தங்களில் சப்ளையர் எண்ணே மாறிவிடுவதால் எச்சரிக்கை வராது. வங்கிக் கணக்கு எண்ணை அடையாளமாக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் நம் ஊரில் அது அலுப்பான வேலை. எண்டர்பிரைஸ், டிரேடிங், சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) போன்ற பின்னொட்டுகளை எல்லாம் வெட்டிவிட்டுப் பெயரின் முதல் சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தாலும், ஒரே அப்பா வைத்த பெயரில் அண்ணன் ஒரு கடையும் தம்பி ஒரு கடையும் நடத்தும் பினாங்கின் லெபோ பசார் கடைத்தெருவில் அது நிறையப் பொய் அறிகுறிகளைக் காட்டும். இரட்டைப் பதிவு உறுதியானால், பயன்படாத பதிவைப் பூட்டச் சொல்லிக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல், இரண்டு பதிவுகளின் பண வரலாற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிடுங்கள். பூட்டுவது இனி வரப்போவதைத்தான் தடுக்கும்.

அறிகுறி: சப்ளையருக்கும் பணம் போயிருக்கிறது, வங்கி ஒன்றுக்கும் போயிருக்கிறது

குத்தகைக்காரர்கள் (ஒப்பந்ததாரர்கள்) தங்களுக்கு வரவேண்டிய பணத்தை அடமானமாக வைத்து வங்கியில் கடன் எடுப்பது வழக்கம். பணம் பெறும் உரிமையை எழுத்து மூலம் வங்கிக்கு மாற்றி, அதற்கான அறிவிப்பை நம் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் பிரிவு 4(3)படி, முழுமையாக மாற்றப்பட்டு எழுத்து மூலம் அறிவிக்கப்பட்ட உரிமை செல்லுபடியாகும். அறிவிப்பு வந்த பிறகு நாம் பணம் தரவேண்டியது வங்கிக்குத்தான். அந்தக் கடிதம் கொள்முதல் பிரிவின் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். கணக்குப் பிரிவில் இருப்பவர் வழக்கம்போலச் சப்ளையரின் கணக்குக்கே அனுப்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து வங்கியின் வழக்கறிஞர் கடிதம் எழுதுவார்; நாம் வங்கிக்கும் பணம் அனுப்புவோம்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். இரண்டாவதாகப் பெற்றவரிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நினைத்து வங்கியோடு வாதாடுகிறார்கள். வங்கிக்குப் போனது சரியான பணம். அறிவிப்புக்குப் பிறகும் சப்ளையருக்குப் போனதுதான் தவறான பணம். மீட்க வேண்டியது சப்ளையரிடமிருந்து. அவர் ஏற்கெனவே கடனில் இருப்பவர் என்பதால் இந்த வகையில் ஒவ்வொரு வாரத் தாமதமும் நமக்கு நஷ்டம். மற்ற அறிகுறிகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் பிடியுங்கள்.

அறிகுறி: பணம் வரவில்லை என்று சொன்னதால் மீண்டும் அனுப்பினோம்

கணக்கு எண் தவறாக இருந்தால் மின்னியல் பணம் வங்கியிலிருந்து திரும்பி வரும். அதைத் திருத்தி மறுபடி அனுப்புவது அன்றாட வேலை. பிழை நேர்வது, திரும்பி வந்ததற்கான சான்று இல்லாமலேயே மறுபடி அனுப்பும்போது. எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எழுதுபொருள் கடைக்காரர் ஒருவரின் மனைவி தொலைபேசியில், "ஐயா, அந்த நாலாயிரத்து எண்ணூறு இன்னும் ஏறலைங்க, பிள்ளைகளுக்கு ஸ்கூல் திறக்கப் போகுது, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று கேட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடையின் புதிய வங்கிக் கணக்கு. பணமோ பழைய கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. இரக்கப்பட்ட கிராணி, பணம் திரும்பியிருக்கும் என்று தானே முடிவு செய்து, புதிய கணக்குக்கு இன்னொரு முறை அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து அதே அம்மா அழைத்து, "ஐயா, பழைய கணக்குப் புத்தகத்தைப் போய்ப் பதிஞ்சு பாத்தோம், அதிலேயும் வந்திருக்கு, எப்படித் திருப்பிக் கட்டறது?" என்றார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை நம்பி நடைமுறை அமைக்க முடியாது.

சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான். திரும்பி வந்த பணம் நம் பக்கத்து வங்கி அறிக்கையில் வரவாகத் தெரிய வேண்டும். அந்த வரவு வரியின் தேதியையும் மேற்கோள் எண்ணையும் மறு வவுச்சரில் எழுதாமல் எந்த மறு அனுப்புதலுக்கும் கையெழுத்திடாதீர்கள். சப்ளையரின் வாய்ச்சொல்லும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) ஒரு கணக்கைத்தான் காட்டும்.

அறிகுறி: டிசம்பரில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை

மலேசிய அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அதற்குள் வந்து இறங்கிய சரக்கின் பில் ஜனவரியில் வந்தால், "ஆக்காவுன் கெனா பாயார்" (செலுத்த வேண்டிய கணக்கு) வழியாகப் பழைய ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து கொடுப்பார்கள். அந்த வாய்ப்பும் தவறிவிட்டால் கருவூல உத்தரவு 58இன் கீழ் ஒப்புதல் பெற்றுப் புதிய ஆண்டின் ஒதுக்கீட்டில் வைப்பார்கள். ஒரே பில் இந்த இரண்டு வாசல்களிலும் நுழைந்துவிடுவது உண்டு. ஜனவரியில் பணியிட மாற்றம் நடக்கும், கோப்புகள் கைமாறும். சில ஆண்டுகளில் தைப்பூசமும் அந்த மாதத்திலேயே வந்து, பினாங்கில் அன்று அலுவலகமும் இருக்காது. விடுமுறைக்கு முன் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் போன வவுச்சர்களை நான் தனியாக எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கணினி அறிக்கைகள் ஒரு நிதியாண்டை மட்டுமே எடுக்கும்படி அமைந்திருப்பதால் இந்த இரட்டிப்பு எந்த ஆண்டின் அறிக்கையிலும் தெரியாது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான பணத்தை ஒரே தாளில் சேர்த்துத் தேடினால்தான் அகப்படும். உத்தரவு 58இல் ஒப்புதல் கேட்டு வரும் ஒவ்வொரு பில்லுக்கும், அதே உள்ளூர்க் கொள்முதல் ஆணையின் எண்ணைப் பழைய ஆண்டில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும்.

அறிகுறி: மின்சார, தண்ணீர்க் கட்டணக் கணக்கில் கழிவாக நிற்கும் தொகை

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாதக் கட்டண அறிக்கையில் நடப்புக் கட்டணமும் முன் மாத நிலுவையும் சேர்ந்த மொத்தம் கொட்டை எழுத்தில் இருக்கும். முன் மாதப் பணம் வழியில் இருக்கும்போது இந்த மொத்தத்தையே கட்டினால் ஒரு மாதம் இரண்டு முறை கட்டியதாகிவிடும். அடுத்த அறிக்கையில் முன் மாத நிலுவையின் முன்னால் கழித்தல் குறி நிற்கும். அடுத்த மாதக் கட்டணத்தில் அது தானாகக் கழிந்துவிடும் என்பதால் மீட்புக் கடிதம் தேவையில்லை. நடப்புக் கட்டணம் மட்டுமே என்று கிராணியின் மேசையில் எழுதி ஒட்டுங்கள். கட்டடம் இரண்டு அலுவலகங்களுக்குப் பொதுவாக இருந்தால் மட்டும், மற்ற அலுவலகமும் அதே கணக்குக்குக் கட்டுகிறதா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இரட்டிப்பு போலத் தோன்றுவது

வாடகை, துப்புரவு, காவல், நகல் இயந்திர வாடகை ஆகியவை மாதந்தோறும் ஒரே தொகையில் போகும். தேடுதலில் முதலில் இவைதான் குவியும். எந்த மாதத்துக்கு உரியது என்பதைப் பார்த்து ஒதுக்குங்கள். ஆனால் குவியலைப் பார்த்து அலுத்து மொத்தமாக ஒதுக்கிவிடாதீர்கள். ஓராண்டில் அந்த ஒப்பந்தத்துக்குப் போன வவுச்சர்களை எண்ணினால் பன்னிரண்டு இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தால் விஷயம் வேறு.

உறுதியான பிறகு மீட்பது எப்படி

முதலில் சான்றுகளைக் கட்டுங்கள்: இரண்டு வவுச்சர்கள், இரண்டு பில்கள், ஒரே டெலிவரி ஆர்டர், இரண்டு தொகையும் வங்கியிலிருந்து வெளியேறியதைக் காட்டும் அறிக்கை. பிறகு சப்ளையரிடம் அவருடைய ஏட்டிலிருந்து நம் கணக்கின் நிலுவை அறிக்கையைக் கேளுங்கள். குற்றம் சாட்டாமல், வழக்கமான சரிபார்ப்பு என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால், நாம் கூடுதலாக அனுப்பியது அதில் நம் பெயரில் வரவாக நிற்கும். அதுவே அவர்களுடைய வாக்குமூலம். அவர்கள் அந்த வரவை வேறொரு பில்லுக்கு ஈடு செய்திருந்தால், அந்தப் பில்லின் டெலிவரி ஆர்டரையும் கேளுங்கள். சில வேளைகளில் நாம் உண்மையிலேயே கொடுக்கத் தவறிய பில்லாக அது இருக்கும்.

அடுத்தது கடிதம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தவறு நம்முடையதாக இருந்தாலும் அந்தக் கடமை மாறாது. இதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால், உங்கள் தவறுக்கு நான் என்ன செய்வேன் என்ற பேச்சு எழாது. தொகை, இரண்டு பணத்தின் தேதிகள், திருப்பிக் கட்ட வேண்டிய நாள், கட்ட வேண்டிய அரசாங்கக் கணக்கு ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் பொதுவான காலம் ஆறு ஆண்டுகள். தவறினால் எழும் வழக்குகளில் பிரிவு 29படி அந்தத் தவற்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது தக்க முயற்சி எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து, காலம் ஓடத் தொடங்கும். அந்த இரண்டாவது வாசகம் சோம்பேறி அலுவலகங்களைக் காப்பாற்றாது என்பதால் பழைய பிழை என்று தயங்காமல் உடனே எழுதுங்கள்.

சப்ளையர் நம்மோடு இன்னும் வியாபாரத்தில் இருந்தால், அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்பார். எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொண்டு அப்படிச் செய்யலாம். ஆனால் புதிய வவுச்சரில் முழுத் தொகையையும் எழுதி, கழிவைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். நிகரத் தொகையை மட்டும் எழுதினால் செலவும் தவறாகும், மீட்ட தடமும் மறைந்துபோகும். பணத்துக்குப் பதிலாகக் காகிதப் பெட்டிகளை இறக்கிவிடுகிறேன் என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். ஆணையில்லாமல் வந்த சரக்கு, கொள்முதல் விதிகளை மீறிய புதிய பிழையாக உங்கள் தலையிலேயே விழும். ரொக்கமாகக் கொண்டுவந்தால் அதிகாரபூர்வ ரசீது போடாமல் ஒரு சென் கூட வாங்கக் கூடாது.

திரும்பிய பணத்தை எங்கே வரவு வைப்பது என்பதில் ஆண்டுதான் முக்கியம். அதே நிதியாண்டுக்குள் வந்தால் செலவைக் குறைத்து ஒதுக்கீட்டுக்கே திருப்பலாம். ஆண்டு மூடிய பிறகு வந்தால் அது ஒதுக்கீட்டுக்குத் திரும்பாது. ஒருங்கிணைந்த நிதிக்கு வரவாகப் போய்விடும், அலுவலகம் அதைச் செலவிட முடியாது. நவம்பரில் கண்டுபிடித்ததை ஜனவரிக்குத் தள்ளிப் போட்டால் நஷ்டம் யாருக்கு என்பதை மேலதிகாரிக்கு விளக்க, இந்த ஒரு வாக்கியம் போதும்.

சப்ளையர் பதிலே தராவிட்டால் அவருடைய எஸ்எஸ்எம் பதிவைப் பாருங்கள். 12 இலக்க எண்ணில் ஐந்தாம் ஆறாம் இலக்கங்கள் 03 என்றிருந்தால் அது தனியார் வணிகப் பதிவு. கடை மூடினாலும் உரிமையாளரே நேரடியாகப் பொறுப்பு. 01 என்றால் உள்நாட்டு நிறுவனம். அது கலைப்பில் இருந்தால் கலைப்பாளரிடம் கடன் உரிமைப் படிவத்தைக் காலத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். ஒரே டெலிவரி ஆர்டரைத் தேதி மாற்றித் திருத்தி இரண்டாம் முறை கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தால், அதற்கு மேல் தொலைபேசியில் பேசாதீர்கள். பொய்யான ஆவணத்தால் கோரிக்கை வைப்பது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் பிரிவு 18க்குள் வரக்கூடியது. அசல் ஆவணங்களைப் பூட்டிவைத்து, துறைத் தலைவர் வழியாகப் புகாரை அனுப்புங்கள்.

நம் பக்கத்துப் பயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 18படி, முறையற்ற பணம் போகக் காரணமான அதிகாரியிடம் விளக்கம் கேட்டு, அது திருப்தி அளிக்காவிட்டால் அந்தத் தொகையை அவர் மீதே சுமத்த முடியும். இந்தப் பிரிவை நினைத்துத்தான் பலர் இரட்டிப்பைக் கண்டும் கோப்பை மூடிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், தானே கண்டுபிடித்துக் கடிதம் எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்கிய அதிகாரிக்கு விளக்கம் எழுதுவது ஒரு பக்க வேலையாகவே முடிந்திருக்கிறது. தணிக்கையாளர் வந்து எடுத்துக்காட்டும் வரை இருந்தவர்கள்தான் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் 1996இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பொதுத் துறை அமைப்புகளின் பட்டியல்களை ஒப்பிட்டு மோசடியையும் இரட்டைப் பணத்தையும் தேடுகிறார்கள். அமெரிக்காவில், ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போடும் துறைகள் மீட்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 2002ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மீட்ட தொகையில் ஒரு பங்கை வெளி நிறுவனத்துக்குக் கூலியாகத் தரும் பழக்கமும் அங்கே உண்டு. ஓர் எக்செல் தாளும் இரண்டு நாள் பொறுமையும் இருந்தால் நம் கிளை அலுவலகங்களுக்கு அந்தக் கூலி மிச்சம்.

பணம் வந்து ரசீது போட்ட பிறகும் ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. ரசீதின் நகலை இரண்டு வவுச்சர்களோடும் கோத்து, இரண்டின் முகப்பிலும் மற்றதன் எண்ணையும் மீட்ட தேதியையும் சிவப்பு மையில் எழுதுங்கள். பில் பதிவேட்டில் இரண்டாவது பில்லின் வரியில், அது எந்த டெலிவரி ஆர்டருக்கு உரியது என்பதைக் குறித்து, துறைத் தலைவரின் சுருக்கொப்பத்தை வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு புதிதாக வரும் கிராணி அதே இரட்டிப்பை மறுபடியும் கண்டுபிடித்து, அந்தச் சப்ளையருக்கு இரண்டாம் முறையாக மீட்புக் கடிதம் எழுதிவிடுவார்.